கணக்கில் இல்லாத புத்தகங்கள்

பாடசாலை நூலகங்களிலுள்ள பழைய நூல்களை வைத்திருப்பதா, அகற்றுவதா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எம்மவர் மத்தியில் இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. ஒரு கட்சி, புத்தகத்தை எறிவது பாவம் என்கிறது. மற்றக் கட்சி, குப்பையை அள்ளிக் கொட்டிவிட்டுக் கணினி வையுங்கள் என்கிறது. இரு தரப்பாரும் மேடைகளில் நன்றாகவே பேசுகிறார்கள். ஆயினும் கிராமத்துப் பாடசாலையொன்றின் நூலக அலுமாரியைத் திறந்து பார்த்தவர்கள் இவர்களில் எத்தனை பேர் என்பது எனக்குச் சந்தேகமே. எந்தப் புத்தகம் இருக்கும், எந்தப் புத்தகம் போகும் என்பதை அங்கே பாவ புண்ணியம் தீர்மானிப்பதில்லை. கணினியும் தீர்மானிப்பதில்லை. இன்வென்றிதான் தீர்மானிக்கிறது.

கற்பித்தலோடு நூலகப் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்கும் ஆசிரியன் என்ற வகையில் இதை எழுதுகிறேன். அந்தப் பொறுப்பைச் சுமக்காதவர்களுக்கு முதலில் விஷயத்தை விளக்கிவிட வேண்டும்.

அரசாங்கப் பணத்தில் வாங்கிய நூலுக்கும், திணைக்களம் அனுப்பிவைத்த நூலுக்கும் ஓர் இலக்கம் உண்டு. முத்திரை உண்டு. பதிவேட்டில் ஒரு வரியும் அந்த வரியில் ஒரு விலையும் உண்டு. வருட முடிவில் பொருட் கணக்கெடுப்பு வரும். போர்ட் ஒப் சேர்வே என்றால்தான் எங்கள் ஆசிரியர்களுக்கு விளங்கும். வேறு பாடசாலையிலிருந்து நியமிக்கப்பட்டவர்கள் வந்து, பதிவேட்டையும் இறாக்கையையும் ஒப்பிட்டு இலக்கம் இலக்கமாகச் சரிபார்ப்பார்கள். ஒரு நூல் குறைந்தால் பொறுப்பாசிரியர் பதில் சொல்ல வேண்டும். சிலவேளை பணமும் கட்ட வேண்டும். ஆனால் அந்த நூலைப் பத்து வருடமாக ஒரு பிள்ளையும் தொடவில்லை என்றால் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதிலுள்ள செய்தி பிழை என்றாலும் கேட்கமாட்டார்கள். கறையான் தின்ற மட்டையில் இலக்கம் தெரிந்தால் போதும்.

மறுபக்கம் அன்பளிப்பாக வரும் நூல்கள். ஊர்க் கவிஞர் தன் தொகுதியில் ஐந்து பிரதிகள் தருகிறார். பள்ளிவாசல் திறப்பு விழா மலர் வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் ஜனாஸாவுக்குப் பிறகு, அவரது வீட்டார் இரண்டு பெட்டி புத்தகங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறார்கள். இவற்றை யாரும் பதிவதில்லை. சோம்பல் ஒரு காரணம்தான். பெரிய காரணம் வேறு: பதிந்தால் பொறுப்பு, பதியாவிட்டால் தொல்லையில்லை. மூத்த ஆசிரியர்கள் இளையவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதலாவது நூலகப் பாடமே இதுதான்.

இனி டெங்கு ஒழிப்புச் சிரமதானம் வருகிறது, அல்லது மேலதிகாரி ஒருவரின் வருகை வருகிறது. அறையைத் துப்புரவாக்க வேண்டும். எது வெளியே போகும்? அயலூர்ப் பாடசாலையொன்றில் நான் கண்ணால் கண்டதைச் சொல்கிறேன். வின்டோஸ் 98 கற்பதற்கான கைந்நூல் பன்னிரண்டு பிரதிகள், இலக்கத்தோடு, இறாக்கையில் வரிசையாக நின்றன. வெளியே மாமரத்தடியில் மூன்று உரப்பைகள். ஒரு பைக்குள் கைவிட்டேன். மீலாத் விழா மலர்கள், அப்பாடசாலையின் பழைய சஞ்சிகை இரண்டு, எழுபதுகளில் கல்முனைப் பக்கம் அச்சான கவிதைச் சிறுநூல்கள். "அதெல்லாம் இன்வென்றில இல்ல சேர், விருப்பமெண்டா எடுத்துக் கொண்டு போங்க" என்றார் பொறுப்பாசிரியை. நல்ல பெண். அவரில் எனக்குக் கோபமில்லை. விதி அவருக்குச் சொன்னதை அவர் செய்தார்.

நமது நூலகங்களின் நிலை இவ்வாறு தலைகீழாகக் கிடக்கிறது. போக வேண்டியது கணக்கில் இருப்பதால் இருக்கிறது. இருக்க வேண்டியது கணக்கில் இல்லாததால் போகிறது.

முதலில், போக வேண்டியதைப் பற்றி. இதில் எனக்குத் தயவு தாட்சண்யம் கிடையாது.

கோள்கள் ஒன்பது என்று சொல்லும் நூல் பாடசாலையில் இருக்கக் கூடாது. புளூட்டோவைக் கோள்களின் வரிசையிலிருந்து 2006 ஓகஸ்டில் நீக்கிவிட்டார்கள். சோவியத் ஒன்றியத்தைக் காட்டும் உலகப்படம், 1991இல் கலைந்துபோன நாட்டை இன்னும் சிவப்பாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாணம் என்று கூறும் பொது அறிவு நூல் 2007 ஜனவரி முதலாந் திகதியிலிருந்து பொய் சொல்கிறது. இலவசப் பாடநூல் விநியோகம் 1980இல் ஆரம்பமானது. அன்றிலிருந்து ஒவ்வொரு பாடத்திட்ட மாற்றத்தின் பின்னும் மிஞ்சிய பிரதிகள் நூலகத்துக்குள்தான் தள்ளப்படுகின்றன. 2007இல் பாடத்திட்டம் மாறியது, 2015இல் மீண்டும் மாறியது. அதற்கு முந்திய தரம் 10 விஞ்ஞான நூல் நாற்பது பிரதிகள் யாருக்காக? அவற்றோடு, பழைய வினாத்தாள் அமைப்புக்கு எழுதப்பட்ட வழிகாட்டி நூல்கள். எழுதியவர்களே மறந்துவிட்ட வழிகாட்டிகள்!

2004 டிசம்பர் 26 கடற்கோளுக்குப் பிறகு கடல் கடந்து வந்த பெட்டிகளையும் சொல்ல வேண்டும். அனுப்பியவர்களின் இரக்கத்தை நான் குறை கூறவில்லை. ஆனால் அப்பெட்டிகளுக்குள் என்ன இருந்தன? வேறொரு நாட்டின் வரிச்சட்டக் கைந்நூல், பனிச்சறுக்கு பற்றிய படப்புத்தகம், எங்கோ ஒரு நூலகம் தனக்கு வேண்டாமென்று முத்திரை குத்தி ஒதுக்கிய நாவல்கள். நமது கரையோரப் பாடசாலைகள் பலவும் மறுக்கத் தெரியாமல் அவற்றை வாங்கி, சில அவற்றுக்கு இலக்கமும் இட்டு வைத்தன. இலக்கமிட்ட பாவத்துக்கு இன்றுவரை அவற்றைக் காவல் காக்கின்றன.

இப்படிப்பட்ட நூல் சும்மா கிடந்தால் என்ன, தீங்கில்லையே என்பார்கள். தீங்கு உண்டு. ஒப்படைக்காக நூலகத்துக்கு வரும் தரம் 8 பிள்ளை ஒன்பது கோள்களை அழகாக வரைந்துகொண்டு வகுப்புக்குப் போகிறது. ஆசிரியர் சிவப்பு மையால் வெட்டுகிறார். அந்தப் பிள்ளை அதன்பிறகு நூலகத்தை நம்பாது. நூறு நூல்களுக்குள் தேவையான ஒன்றைத் தேடிப் பிடிக்கும் பொறுமை பெரியவர்களுக்கே இல்லை. பிள்ளையிடம் எப்படி எதிர்பார்ப்பது? சீர்காழியிற் பிறந்த இரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை வகுத்தார். நூலகம் வளரும் உயிர் என்பது அவற்றுள் கடைசி விதி. எம்மவர் அதில் வளர்ச்சியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். உயிர் என்றால் கழிவும் உண்டு.

புத்தகத்தை அகற்றக் கூடாதென்போர் உடனே யாழ்ப்பாண நூலகத்தைக் கொண்டுவருவார்கள். அந்தத் துயரம் நமதுந்தான். 1981 ஜூன் முதலாந் திகதி விடியும்போது சாம்பலாகியிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவற்றுள் அதிகம் அறியப்பட்ட கவிதையை எழுதியவர் எம்.ஏ. நுஃமான் என்பதை இவ்விதழின் வாசகர்களுக்கு நான் நினைவூட்டத் தேவையில்லை. ஆனால் அந்த நெருப்பு நமக்கு ஏன் இன்னும் சுடுகிறது? எரிந்தவற்றுள் ஓலைச் சுவடிகளும், வேறெங்கும் பிரதி இல்லாத நூல்களும் இருந்தன. வின்டோஸ் 98 கைந்நூலைக் காப்பாற்றுவதற்கு அந்தச் சாம்பலைச் சாட்சிக்கு அழைப்பது அந்தச் சாம்பலுக்கே அவமரியாதை.

'நமக்கு அதிகாரமில்லை, சட்டம் விடாது' என்பது அடுத்த சாட்டு. சட்டம் விடுகிறது. பாவனைக்கு உதவாத பொருளைக் கணக்கெடுப்புக் குழுவின் பரிந்துரையோடு, உரிய அனுமதி பெற்று, பதிவேட்டிலிருந்து நீக்கலாம். உடைந்த கதிரைக்கும் ஓட்டை விழுந்த வாளிக்கும் இதை ஒழுங்காகச் செய்கிறோம். உடைந்த கதிரையை அடையாளம் காண யாரும் உட்கார்ந்து பார்த்தால் போதும். உடைந்த புத்தகத்தை அடையாளம் காண அதை வாசிக்க வேண்டும். சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

இனி மறுதரப்பாருக்கு. காலாவதியானது எல்லாம் குப்பை என்கிறீர்களே, காலாவதி என்றால் என்ன?

எமது பாடசாலையில் ஒரு பூமிசாஸ்திர நூல் இருக்கிறது. மட்டை இல்லை. அதன்படி எங்கள் ஊர் மட்டக்களப்பு மாவட்டத்தில் இருக்கிறது. ஏனெனில் அம்பாறை மாவட்டம் 1961இல்தான் பிரிக்கப்பட்டது. கரைவாகுப்பற்று, சம்மாந்துறைப்பற்று, நிந்தவூர்ப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று என்று அந்நூல் பிரிவுகளை வரிசையாகச் சொல்கிறது. தகவல் என்ற வகையில் அத்தனையும் பழையது. பரீட்சைக்கு உதவாது. ஆனால் கல்லோயாத் திட்டத்துக்குப் பிறகு இந்த மண் எப்படிப் பிரிக்கப்பட்டது, யாருடைய வயல் எந்த எல்லைக்குள் போனது என்று நாளைக்கு ஒரு பிள்ளை கேட்டால், இந்தக் காலாவதியான பக்கத்தைத் தவிர நான் எதைக் காட்டுவேன்? சோவியத் உலகப்படமும் பிழை, இந்தப் பூமிசாஸ்திரமும் பிழை. சோவியத் படம் உலகத்தில் ஆயிரம் நூலகங்களில் இருக்கும். இது எங்கள் அலுமாரியில் இருக்கிறது; வேறெங்கு தேடுவதென்று எனக்குத் தெரியாது.

ஆகவே ஒரு நூலை கையில் எடுத்தால் அது பழையதா என்று கேட்பதில் பயனில்லை. பிள்ளைக்கு இன்று உதவுமா என்று கேளுங்கள். உதவாதென்றால், இது வேறெங்காவது கிடைக்குமா என்று கேளுங்கள். இரண்டுக்கும் இல்லை என்று பதில் வரும் நூல்தான் மிக ஆபத்தான இடத்தில் நிற்கிறது. நமது இலக்கியத்தின் பெரும்பகுதி அந்த இடத்தில்தான் நிற்கிறது.

எண்ணிப் பாருங்கள். 1978 நவம்பர் சூறாவளி கிழக்குக் கரையை அடித்து நொறுக்கியது. பாடசாலைக் கூரைகளோடு புத்தகங்களும் போயின. அந்தச் சூறாவளியையே பொருளாக வைத்து, நமது மரபுக்குரிய படைப்போர் வடிவத்தில், 'சூறாவளிப் படைப்போர்' பாடினார் மருதமுனைப் புலவர்மணி ஷரிபுத்தீன். இந்தக் கரையோரத்தில் எத்தனை பாடசாலை நூலகங்களில் அது இருக்கிறது? ஏ.எம்.ஏ. அஸீஸின் 'இலங்கையில் இஸ்லாம்' 1963இல் வந்தது. ம.மு. உவைஸ் தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்களின் பங்களிப்பை ஆராய்ந்து 1953இல் வெளியிட்டார். எம்.ஏ. ரஹ்மான் அறுபதுகளில் 'அரசு வெளியீடு' என்ற பெயரில் நூல்களும் 'இளம்பிறை' சஞ்சிகையும் கொண்டுவந்தார். இவற்றின் பெயர்கள் நமது ஆய்வரங்குகளில் மூச்சுக்கு மூச்சு வருகின்றன. பிரதிகள் உரப்பைகளில் போகின்றன.

வடக்கிலிருந்து 1990 ஒக்டோபரில் துரத்தப்பட்ட நமது மக்களிடம் போய்க் கேளுங்கள். மணித்தியாலக் கணக்கில் அவகாசம் கொடுத்து வெளியேற்றப்பட்டவர்கள் எந்தச் சஞ்சிகையை எடுத்து வந்திருப்பார்கள்? அவர்களுடைய பாடசாலைகளும் வாசிகசாலைகளும் தாங்கியிருந்தவை பறிக்கப்பட்டன. நமது ஊர்களில் யாரும் பறிக்கவில்லை. நாமே கொடுக்கிறோம், கிலோ விலைக்கு.

இதனிலும் கசப்பானது அறபுத்தமிழ் நூல்களின் கதை. இது வேறு யாரையும் குற்றஞ்சாட்ட முடியாத கதை.

எங்கள் பாட்டிமார் தமிழெழுத்துத் தெரியாதவர்கள். ஆனால் ஓதப் போனபோது படித்த அறபெழுத்தைக் கொண்டு, அவ்வெழுத்தில் அச்சான தமிழை வாசித்தார்கள். மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் 'பத்ஹுத் தையான்' வாசித்து மார்க்கச் சட்டம் அறிந்தவர்களை, மாலையும் கிஸ்ஸாவும் முனாஜாத்தும் ராகத்தோடு படித்தவர்களை, படிப்பறிவற்ற பெண்கள் என்று நாமே எழுதிவைத்தோம். அவர்கள் போனபின் அந்த நூல்கள் பாடசாலைக்கு வந்தன, அல்லது பள்ளிவாசலுக்குப் போயின. பேரப்பிள்ளைக்கு அது என்ன எழுத்தென்று தெரியாது. அறபெழுத்து என்றால் குர்ஆன் என்று நினைக்கிறான். கிழிந்த குர்ஆன் பிரதிகளை மரியாதையோடு புதைப்பது நமது வழக்கம். அந்த மரியாதையோடு தமிழ்க் கிஸ்ஸாவையும் சேர்த்துப் புதைத்துவிடுகிறான். பக்தியால் அழிந்த நூல்கள் என்று ஒரு பட்டியல் எழுதினால் நாம் முன்வரிசையில் நிற்போம்.

புதைக்காமல் தப்பியவற்றைச் சீர்திருத்தம் பிடித்தது. மௌலிது ஓதுவது கூடுமா கூடாதா என்பதை உலமாக்கள் பேசட்டும். அதில் நான் தலையிட வரவில்லை. ஆனால் ஒரு நூலை ஓதுவது வேறு, அதை வைத்திருப்பது வேறு. "இது பித்அத் சேர், பிள்ளைகளின்ர கண்ணில படக்கூடாது" என்று ஓர் இளம் மௌலவி என்னிடம் சொன்னார். கையில் இருந்தது ஒரு பழைய மாலை. "மௌலவி, இதை நான் ஓதச் சொல்லிக் குடுக்கப் போறதில்ல. நமது மூத்தும்மாக்கள் தமிழை எப்படி வாசிச்சாங்க எண்டு காட்டப் போறன்" என்றேன். அவர் சம்மதிக்கவில்லை. நூல் அலுமாரியில் இருக்கிறது. தமிழ்ப் பாட அலுமாரியில், இஸ்லாம் பாட அலுமாரியில் அல்ல.

பிறகு 2019 வந்தது. ஏப்ரல் 21 தாக்குதல்களுக்குப் பிந்திய வாரங்களில் வீடு வீடாகச் சோதனை நடந்தபோது, அறபெழுத்து உள்ள எந்தத் தாளும் ஆபத்து என்ற பயம் ஊர்களைப் பிடித்தது. கிணற்றிலும் கடலிலும் அடுப்பிலும் எவையெவை போயின என்பதற்குக் கணக்கில்லை. ஒரு நூற்றாண்டுத் தமிழைச் சோதனைக்கு வந்த சிப்பாய்க்குத் தெரியாது, அது நியாயம். வீட்டுக்காரனுக்கும் தெரியாது என்பதே எனது வழக்கு. இது தமிழ், இதில் ஆயுதமும் இல்லை, அந்நியமும் இல்லை என்று வாசித்துக் காட்ட ஒருவர் இருந்திருந்தால் சிலவாவது மிஞ்சியிருக்கும்.

இப்போது எல்லாம் இணையத்தில் கிடைக்கிறதே என்று சிலர் எழுதுகிறார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தின் பணியை நான் மதிக்கிறேன். நமது பழைய சஞ்சிகைகள் பலவற்றை நான் வாசித்ததே அங்குதான். ஆனால் ஸ்கேன் செய்வதற்கு ஒரு பிரதி வேண்டும். உரப்பையிலிருந்து அதை எடுத்து, தூசி தட்டி, கொண்டுபோய்க் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கச்சான் சுருளாகிவிட்ட பக்கத்தை எந்த இயந்திரமும் படம் பிடிக்காது.

எழுத்தாளர்களாகிய நம்மையும் விட்டுவைக்க முடியாது. முந்நூறோ ஐந்நூறோ அச்சடிக்கிறோம். வெளியீட்டு விழாவில் முதற்பிரதி ஒரு தனவந்தருக்கு, சிறப்புப் பிரதிகள் அரசியல்வாதிகளுக்கு. மிஞ்சியதைப் பாடசாலைகளுக்குக் கட்டுக் கட்டாகக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துக்கொள்கிறோம். அது பதியப்பட்டதா என்று ஒருநாளாவது போய்ப் பார்த்தோமா? அச்சாகும் நூலின் பிரதிகள் அரசுக்குச் சேர வேண்டும் என்ற கட்டளைச் சட்டம் 1885இல் வந்தது. சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' வந்த அதே வருடம்! நம்மில் எத்தனை பேர் தமது அச்சகத்தாரிடம் இதைக் கேட்டிருக்கிறோம்? நமது இருப்பு, நமது அடையாளம் என்று முன்னுரையில் இரண்டு பக்கம் எழுதுபவர், அந்த முன்னுரை எங்கே இருக்கும் என்று யோசிக்க வேண்டாமா?

செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. அன்பளிப்பு நூல்களுக்கென்று தனியாக ஒரு கொப்பி வைக்கலாம். அதில் விலை இல்லை, தண்டம் இல்லை. நூலின் பெயர், தந்தவர், திகதி மாத்திரம். 'அகற்ற முன் கேட்கவும்' என்று எழுதி ஓர் அலுமாரியை ஒதுக்கலாம். ஊரில் அச்சானது, ஊரைப் பற்றியது, ஊரார் எழுதியது, அறபுத்தமிழ் ஆகியவை அதற்குள் போகட்டும். இரண்டு பிரதி இருந்தால் ஒன்றை ஒலுவிலுக்கு, தென்கிழக்குப் பல்கலைக்கழக நூலகத்துக்கு அனுப்பலாம். மற்றப் பக்கத்தில், கணக்கெடுப்புக்கு வரும் ஆசிரியர்களிடம் உடைந்த கதிரைகளின் பட்டியலோடு காலாவதியான நூல்களின் பட்டியலையும் நீட்டலாம். முதல் வருடம் முகம் சுளிப்பார்கள். எனக்கும் சுளித்தார்கள். இரண்டாம் வருடம் கையொப்பமிட்டார்கள். நூற்றுப் பதினேழு நூல்கள் போயின. காலியான இறாக்கையில் புதிய சிறுவர் கதைகளை வைத்தோம். அந்தத் தவணையில் தரம் 5 பிள்ளைகள் இடைவேளைக்கு நூலகத்துக்கு வரத் தொடங்கினார்கள்.

இச்சஞ்சிகையின் பழைய இதழ்களில் மூன்று எமது நூலகத்தில் இருந்தன. எந்தப் பதிவேட்டிலும் அவற்றின் பெயர் இல்லை. புதிய கொப்பியின் நான்காம் பக்கத்தில் அவற்றைப் பதிந்திருக்கிறேன். தந்தவர் என்ற இடம் வெறுமையாக உள்ளது. மற்ற இதழ்களை வைத்திருக்கும் வாசகர்கள் ஆளுக்கு ஒன்றாகத் தமது ஊர்ப் பாடசாலைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்துவிட்டு, பதிந்தாயிற்றா என்று கேட்டு, அந்த வரியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.